ஒரே கம்பத்தில் இரண்டு ஃபைபர்

மாலை ஆறே முக்காலுக்கு ரிசப்ஷன் அக்கா மாடியேறி வந்தார். சாதாரணமாக இன்டர்காமில்தான் கூப்பிடுவார். படியேறி வந்திருக்கிறார் என்றால் விஷயம் பெரியது.

"ஏம்மா, மணி அடிக்குது. எடுத்தா ஒரு சத்தமும் இல்ல. ஹலோ ஹலோன்னு கத்திட்டு வச்சேன். திரும்பவும் அதே நம்பர்ல இருந்து வருது. மூணாவது தடவை இது."

சாலிகிராமத்தில், ஆற்காடு சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் இருக்கிறது எங்கள் மருத்துவமனை. நாற்பது படுக்கை. கணினி, நெட்வொர்க், தொலைபேசி மூன்றும் என் பொறுப்பு. அன்று எங்கள் முதல் இணைய இணைப்பு விழுந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. ரௌட்டர் தானாகவே இரண்டாவது இணைப்புக்கு மாறிவிட்டதையும், எங்கள் தொலைபேசி எண்ணை இணையம் வழியாகக் கொண்டுவரும் சிப் (SIP) ட்ரங்க் புதிய பாதையில் பதிவாகிவிட்டதையும் திரையில் பார்த்தேன். எல்லாம் பச்சை. அந்தப் பச்சையை நம்பி நான் மேலே உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் கீழே அக்கா காதில் ரிசீவரை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஒரு பெரியவர் நேரில் வந்தார். "நீங்க ஹலோன்னது எனக்கு நல்லா கேட்டுச்சும்மா. நான் சொன்னதுதான் உங்களுக்குக் கேக்கல. வீட்டுக்காரிக்கு மூச்சு முட்டுச்சு. மூணு தடவை பார்த்துட்டு 108க்குப் போட்டேன்." அந்த அம்மா தேறிவிட்டார். கோபப்படவே இல்லை அந்தப் பெரியவர். "சரி பண்ணிடுங்க, வேற யாருக்காவது ஆகிடப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இதே கோளாறு எத்தனையோ அலுவலகங்களில் ஒளிந்துகொண்டிருக்கும். முதல் இணைப்பு நன்றாக இருக்கும்வரை அது வெளியே தெரியாது.

ஐபி தொலைபேசியில் ஓர் அழைப்பு என்பது இரண்டு தனித்தனிப் போக்குவரத்து. முதலில் சிப் செய்தி போகும். 2002இல் வந்த ஆர்எஃப்சி 3261 என்ற ஆவணம் வகுத்த முறை அது. கல்யாணப் பத்திரிகை வைப்பது மாதிரி: இன்னார் கூப்பிடுகிறார், பேச்சை இந்த முகவரிக்கு அனுப்புங்கள் என்று சொல்லும். பேச்சு அதன்பின் ஆர்டிபி என்ற வேறு வாகனத்தில், பத்திரிகையில் போட்டிருக்கும் முகவரிக்கு நேராக வந்து சேரும். மருத்துவமனையின் உள் தொலைபேசி இணைப்பகமான பிபிஎக்ஸில் வெளி ஐபி முகவரி என்று ஒரு வரி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு முதல் இணைப்பின் முகவரியை அதில் கையால் எழுதி வைத்தது நான்தான். இரண்டாவது இணைப்புக்கு மாறிய பிறகும் பிபிஎக்ஸ் அதே பழைய முகவரியைத்தான் பத்திரிகையில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. பத்திரிகை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததால் மணி அடித்தது. விருந்தாளிகள் பூட்டிக் கிடந்த பழைய மண்டபத்துக்குப் போய் நின்றார்கள். இங்கிருந்து புறப்பட்ட பேச்சு சரியாகப் போய்விட்டது, அங்கிருந்து வர வேண்டியது வரவில்லை. சில சேவை நிறுவனங்களின் கருவி, பத்திரிகையில் என்ன எழுதியிருந்தாலும் பேச்சு எங்கிருந்து வருகிறதோ அங்கேயே பதிலைத் திருப்பிவிடும். எங்களுக்கு அன்று அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

அந்த ஒரு வரியை மாற்ற இரண்டு நிமிடம் ஆனது. இரண்டாவது இணைப்பை வாங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒன்றரை வருடமாக மாதாமாதம் பணம் கட்டிய ஓர் இணைப்பில் ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, ஒரு மனிதக் குரலைக் கேட்டுப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தபோது இங்கே பிஆர்ஐ என்ற பழைய வகை டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு இருந்தது. ஒரு வயர், 2.048 மெகாபிட், அதை முப்பத்திரண்டு துண்டாக்கி முப்பதில் பேச்சு, ஒன்றில் சமிக்ஞை, ஒன்றில் ஒத்திசைவு. ஒரே நேரத்தில் முப்பது பேர் பேசலாம். அது இருந்தால் இருக்கும், போனால் போகும். பாதி வேலை செய்யும் பழக்கம் அதற்குக் குறைவு. அதற்கும் முன்னால் வீட்டுக்கு வந்த செம்புக் கம்பியை நினைத்துப் பார்க்கிறேன். எக்ஸ்சேஞ்சில் இருக்கும் 48 வோல்ட் பேட்டரிதான் நம் வீட்டுத் தொலைபேசிக்கும் மின்சாரம். தெருவே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல்டோன் வரும். அந்த நம்பிக்கை செம்போடு போய்விட்டது. இன்று நம் குரல் வெளியே போக ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டி, ரௌட்டர், ஸ்விட்ச், பிபிஎக்ஸ் என்று நான்கு பெட்டிகளுக்கும் நாமே கரன்ட் கொடுக்க வேண்டும்.

குரல் முகவரியைச் சரிசெய்த பிறகு நான் நிம்மதியாக இருந்தது இரண்டே மாதம்.

ஆற்காடு சாலை மெட்ரோ வேலையில் எப்படிக் கிடந்தது என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் நான்காவது வழித்தடம் எங்கள் வழியாகத்தான் போகிறது. பிரதான சாலை அடைபட்டதும் வண்டிகளெல்லாம் உள்தெருக்களில் புகுந்தன. ஒருநாள் மதியம் உயரமான சிமென்ட் கலவை லாரி ஒன்று எங்கள் தெருவில் திரும்பி, மேலே தொங்கிய வயர்களை இழுத்துக்கொண்டு போய்விட்டது. முதல் இணைப்பின் ஓஎன்டியில், ஃபைபரில் ஒளி வரவில்லை என்று காட்டும் லாஸ் விளக்கு சிவப்பாக மின்னியது. அதே நொடியில் இரண்டாவதிலும் சிவப்பு.

இரண்டும் வேறு வேறு நிறுவனம். வேறு வேறு பில். ஒன்றுக்குத் தொலைபேசியில் புகார் சொன்னேன், இன்னொன்றுக்கு ஆப்பில். சாயங்காலம் ஒரே ஓர் ஆள் வந்தார், தோளில் ஃபைபரை ஒட்டும் ஸ்ப்லைசிங் பெட்டியோடு.

"அண்ணே, நீங்க எந்தக் கம்பெனி?"

"ரெண்டுக்கும் நான்தான்மா. லோக்கல் கேபிள் நம்மளுது. அவங்க ரெண்டு பேரும் நம்ம லைன்லதான் உங்க வீதிக்கு வர்றாங்க."

தெருவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கறுப்பு உறையைச் சீவி, உள்ளே இருந்த இழைகளைப் பிரித்துக் காட்டினார். ஃபைபருக்கு நிற வரிசை உண்டு: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று போகும். "இது நீலம், உங்க ஃபர்ஸ்ட் லைன். பக்கத்துல ஆரஞ்சு, அது ரெண்டாவது." தலைமுடிக் கனத்தில் இரண்டு கண்ணாடி இழை, ஒரே உறைக்குள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. நான் நிர்வாகத்திடம் வாதாடி, பட்ஜெட் வாங்கி, 'மாற்றுப் பாதை' என்று கோப்பில் எழுதிவைத்த பாதை அந்த ஆரஞ்சு இழை.

அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. விற்பனைக்கு வந்தவரிடம் நான் கேட்ட கேள்விதான் தவறு. "உங்கள் நெட்வொர்க் தனியா?" என்று கேட்டேன், தனி என்றார். அது உண்மைதான், அவர்களுடைய கருவியும் வெளிப் பாதையும் தனி. "உங்கள் வயர் எந்தக் கம்பம் வழியாக என் கட்டடத்துக்கு வருகிறது, கடைசி அரைக் கிலோமீட்டர் யாருடையது?" என்று கேட்டிருக்க வேண்டும். கணினியில், தரவு போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டுப் பார்த்து இரண்டும் வேறு வழி என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். ட்ரேஸ்ரூட் கம்பத்தைக் காட்டாது. அதற்குத் தெருவில் இறங்கி, தலையை நிமிர்த்தி, வயரைக் கண்ணால் தொடர்ந்து நடக்க வேண்டும். இப்போது எந்த அலுவலகத்துக்காவது நண்பர்கள் கூப்பிட்டால் சர்வர் அறைக்குப் போவதற்கு முன்பு நான் செய்வது அந்த நடைதான்.

அதன்பின் இரண்டாவது இணைப்பை மாற்றினோம். இப்போது மொட்டைமாடியில் ஒரு சிறிய டிஷ், ரேடியோ வழி, தெருவுக்குச் சம்பந்தமே இல்லாத திசையில் இருக்கிற ஓர் உயரமான கட்டடத்தை நோக்கி நிற்கிறது. மூன்றாவதாக ஒரு 4ஜி ரௌட்டர். ஒன்று மண்ணுக்கு மேலே கம்பத்தில், ஒன்று காற்றில், ஒன்று செல்போன் டவரில். ஒரே லாரி மூன்றையும் சாய்க்க முடியாது.

இந்த இடத்தில் மற்ற அலுவலகக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ட்ரங்க், எந்த இன்டர்நெட் வழியாக வந்தாலும் பெயரும் கடவுச்சொல்லும் சொல்லிப் பதிவு செய்துகொள்ளும் வகை. ஆனால் சென்னையில் பல அலுவலகங்களுக்குத் தொலைபேசி நிறுவனமே தன்னுடைய தனி ஃபைபரில் சிப் ட்ரங்கைக் கொண்டுவந்து கொடுக்கும். 044 எண் அந்த ஃபைபரோடு வரும், அந்த ஃபைபரோடு போகும். அங்கே நீங்கள் மூன்று இன்டர்நெட் இணைப்பு வாங்கி வைத்தாலும் அந்த எண்ணுக்கு ஒரு பயனும் இல்லை. அதே நிறுவனத்திடம் வேறு பாதையில் இரண்டாவது ட்ரங்க் கேட்க வேண்டும். அல்லது ட்ரங்க் விழுந்தால் அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதியை அவர்கள் பக்கத்திலேயே போட்டுவைக்கச் சொல்ல வேண்டும். இன்னொரு வகையில் உங்கள் ஐபி முகவரியைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அப்படியானால் மாற்று இணைப்பின் முகவரியையும் முன்கூட்டியே அவர்கள் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். 4ஜி சிம்மில் பெரும்பாலும் நமக்கென்று தனி வெளி முகவரியே கிடையாது, ஆயிரம் பேரோடு ஒன்றைப் பகிர்ந்துகொள்கிறோம். அதனால் அந்தப் பாதையில் பதிவு முறை மட்டும்தான் கைகொடுக்கும்.

நான் கண்ட அடுத்த கோளாறு இன்னும் பூடகமானது. முதல் இணைப்பின் ஓஎன்டி உயிரோடு இருக்கிறது, விளக்கெல்லாம் பச்சை, ஆனால் அதற்கு அப்பால் எங்கோ பாதை செத்துவிட்டது. ரௌட்டர் தனக்கு அடுத்திருக்கும் கேட்வேயை மட்டும் 'இருக்கிறாயா' என்று பிங் செய்துகொண்டிருந்தால் கடைசிவரை எல்லாம் நலம் என்றுதான் சொல்லும். இதனால் வெளியே இரண்டு மூன்று இடங்களைப் பிங் செய்ய வைத்தேன். கணினிகளெல்லாம் நொடிகளில் ரேடியோ இணைப்புக்கு மாறின, தொலைபேசி மட்டும் மாறவில்லை. ஒரு மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். ரௌட்டர் ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரு பதிவு வைத்திருக்கும்: இது இந்தக் கதவு வழியாகப் போகிறது என்று. பதிவைத் தொடாமல் விட்டால், சாதாரண லினக்ஸ் ரௌட்டரில் இரண்டு மூன்று நிமிடத்தில் அது தானாக அழிந்துவிடும். பிபிஎக்ஸோ, ட்ரங்க் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க முப்பது நொடிக்கு ஒரு தடவை தட்டிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தட்டலும் செத்த கதவின் பதிவைப் புதுப்பிக்கிறது. உயிரைச் சோதிக்க வைத்த தட்டலே அதைச் செத்த பாதையில் கட்டிப்போட்டிருந்தது. பாதை மாறியவுடன், சிப் செய்திகள் போகும் 5060 போர்ட்டின் பழைய பதிவுகளை அழிக்கும் ஒரு சிறிய ஸ்க்ரிப்ட் எழுதினேன். நான்கு வரி. முதல் விபத்தில் இது ஏன் தலைகாட்டவில்லை என்றால், அன்று ஓஎன்டியே முழுக்க அணைந்திருந்தது. கதவே இல்லை என்று தெரிந்ததும் ரௌட்டர் தானாகப் பதிவுகளைத் துடைத்துவிட்டது.

வெளியே போகும் அழைப்பில் இன்னொரு வலி. சிப் முறைப்படி, அனுப்பிய அழைப்புக்குப் பதிலே வராவிட்டால் 32 நொடி வரை முயன்றுவிட்டுத்தான் கைவிடும். வார்டிலிருந்து ரத்த வங்கிக்கு டயல் செய்துவிட்டு நிற்கும் நர்ஸுக்கு 32 நொடி என்பது எவ்வளவு நீளம் என்று கூட நின்று பார்த்தால்தான் தெரியும். அதனால் ட்ரங்க் செத்தது முன்பே தெரிந்திருக்க வேண்டும், அழைப்பு வந்த பிறகு கண்டுபிடிக்கக் கூடாது. நேரத்தைக் குறைத்து, நான்கு நொடிக்குள் அடுத்த ட்ரங்குக்குத் தாவும்படி வைத்திருக்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போது பாதை மாறினால் அந்த அழைப்பு துண்டிக்கப்படும். அதைத் தடுக்க இரண்டு முனையிலும் டனல் போட்டு, முகவரி மாறாமல் காப்பாற்றும் ஏற்பாடுகள் உண்டு. நாற்பது படுக்கைக்கு அது தேவையில்லை என்பது என் முடிவு. துண்டானவர் மறுபடி கூப்பிட்டால் உடனே கிடைக்க வேண்டும், எனக்கு அது போதும்.

இணைப்பின் அகலத்தை, அதாவது பேண்ட்விட்த்தைப் பற்றி விற்பனையாளர்கள் நிறையப் பேசுவார்கள். ஜி.711 என்ற குரல் குறியீட்டு முறையில் பேச்சு நொடிக்கு 64 கிலோபிட். ஒவ்வொரு பொட்டலத்தின் முகவரித் தலைப்புகளையும் சேர்த்தால் ஒரு திசைக்கு 80. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட் நிறையாது. குரலுக்கு வேண்டியது அகலம் அல்ல, சீரான வருகை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லிநொடிக்குள் போய்விட்டால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது ஐடியூ என்ற உலகத் தொலைத்தொடர்பு அமைப்பின் பரிந்துரை. எங்களிடம் அதைக் கெடுத்தது ஸ்கேன் படங்கள். வெளியில் இருக்கும் ரேடியாலஜிஸ்டுக்கு ஒரு சிடி ஸ்கேன் போகும்போது நூற்றுக்கணக்கான எம்பி. பெரிய பாதையில் அது தெரியாது. மெலிந்த மாற்றுப் பாதைக்கு வந்ததும் குரலை மிதித்துக்கொண்டு ஓடும். இப்போது மாற்றுப் பாதையில் குரலுக்கு முதல் இடம். சிசிடிவி கிளவுட் பதிவு அங்கே அறவே கிடையாது. ஸ்கேன் மெதுவாகப் போகும். ரேடியாலஜிஸ்ட் முணுமுணுத்தார், காரணத்தைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பாதுகாப்புக்காகக் கரன்ட்டை முன்னிரவே நிறுத்திவிட்டார்கள், ஜெனரேட்டர் ஓடியது. என் மூன்று பாதைகளில் ரேடியோ முதலில் போனது. எதிர்முனைக் கட்டடத்தில் மின்சாரம் தீர்ந்துவிட்டது. ஃபைபர் மதியம்வரை தாங்கியது. தெருமுனையில் இருக்கும் நிறுவனப் பெட்டியின் பேட்டரியும் எவ்வளவு நேரம்தான் நிற்கும்? அடுத்து 4ஜி. ரௌட்டர் விளக்கு எரிகிறது, சிக்னல் இருக்கிறது, டேட்டா இல்லை. சிம்மின் ரீசார்ஜ் பதினொரு நாளைக்கு முன்பே முடிந்திருந்தது.

மாற்று இணைப்பின் குணமே இதுதான். முதல் இணைப்பு செத்தால் ஊரே கூச்சல் போடும். இரண்டாவதும் மூன்றாவதும் செத்தால் ஒருவருக்கும் தெரியாது. என் கைப்பேசியிலிருந்து ரீசார்ஜ் செய்ய முயன்றேன், பணம் போகவில்லை. பெங்களூரில் இருக்கும் என் தம்பிக்கு எப்படியோ ஓர் எஸ்எம்எஸ் போய்ச் சேர்ந்தது, அவன் அங்கிருந்து ரீசார்ஜ் போட்டான். நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் எங்கள் எண்ணுக்கு வந்த அழைப்புகள் என்ன ஆயின என்று எனக்குத் தெரிய வழியில்லை. டயாலிசிஸுக்கு வர வேண்டியவர்கள் படகில் வரலாமா என்று கேட்கக் கூப்பிட்ட நாள் அது.

இப்போது சேவை நிறுவனத்தின் பக்கத்திலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. எங்கள் பதிவு எந்தப் பாதையிலும் இல்லையென்றால் அழைப்பு ரிசப்ஷனில் இருக்கும் ஒரு சாதாரண கைப்பேசிக்குப் போய்விடும். ஒரு நேரத்தில் ஓர் அழைப்புதான் எடுக்க முடியும், இருக்கட்டும். அந்தக் கைப்பேசியின் சார்ஜைப் பார்ப்பது அக்காவின் காலை வேலைகளில் ஒன்று. சிம்மை ஒரு வருடத் திட்டத்துக்கு மாற்றி, காலாவதி நாளைக் கணக்குப் பிரிவின் காலண்டரிலும் எழுதச் சொல்லிவிட்டேன். ஓஎன்டி, ரௌட்டர், மாடிப்படி அலமாரியில் இருந்த ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் எல்லாம் யூபிஎஸ்ஸில். ஜெனரேட்டர் எழுந்துகொள்ள எடுக்கும் பத்திருபது நொடியில் ஓஎன்டி அணைந்தால் மறுபடி எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். இது பல இடங்களில் கவனிக்காமல் விடப்படுகிறது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, மதியம் இரண்டரை மணி, ஓபி அடங்கிய நேரம். நானும் அக்காவும் முதல் இணைப்பின் வயரைக் கையால் பிடுங்குகிறோம். மென்பொருளில் பட்டனை அமுக்கி நிறுத்துவது வேறு, பிடுங்குவது வேறு. சில நாள் ஓஎன்டியை விட்டுவிட்டு அதற்கு அப்பால் பாதையை அடைத்துப் பார்ப்பேன். அக்கா வாசலுக்குப் போய்த் தன் கைப்பேசியிலிருந்து கூப்பிடுவார். இரண்டு பக்கமும் பேச வேண்டும், "கேக்குதா?" "கேக்குது" என்று இரண்டு குரலும் கேட்ட பிறகுதான் நீள நோட்டில் டிக். எத்தனை நொடியில் மாறியது என்பதையும் எழுதுவோம். ஓர் அழைப்பை மட்டும் துண்டிக்காமல், பக்கத்தில் பாட்டுப் போடும் ரேடியோவை வைத்து இருபது நிமிடம் ஓடவிடுவோம். நீண்ட அழைப்பில் இரண்டு முனையும் நடுநடுவே ஒருவரையொருவர் சரிபார்த்துக்கொள்ளும். வழக்கமான 1800 நொடிக் கணக்கில், பாதியான பதினைந்தாவது நிமிடம் அது நடக்கும். மாற்றுப் பாதையில் அந்தச் செய்தி தொலைந்தால் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பேச்சு திடீரென்று அறுந்துவிடும். ஒரு நிமிடச் சோதனையில் இது ஒருநாளும் பிடிபடாது.

மாற்றுப் பாதைக்குப் போவது தானாக நடக்கலாம். திரும்பி வருவதை நான் கையால்தான் செய்கிறேன். பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. அறுந்து ஒட்டிய ஃபைபர் அரை மணிக்குள் மறுபடி இரண்டு தடவை விழுந்து எழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தாவலுக்கும் பேசிக்கொண்டிருப்பவர்கள் துண்டாவார்கள். இரவு ஒன்பதரைக்குக் கூட்டம் குறைந்த பிறகு திரும்பினால் ஒன்றும் குறைந்துவிடாது.

போன சனிக்கிழமை வயரைப் பிடுங்கிவிட்டு அக்காவின் சோதனை அழைப்புக்குக் காத்திருந்தேன். அவர் வாசல்வரைகூடப் போகவில்லை, அதற்குள் மேசையில் மணி அடித்தது. திரும்பி வந்து எடுத்தார். உண்மையான அழைப்பு. பின்னால் குழந்தை அழும் சத்தம் எனக்கே கேட்டது.

"காய்ச்சல் எவ்ளோம்மா இருக்கு? ... சரி, குழந்தை டாக்டர் நாலு மணிக்கு வந்துடுவாங்க. பேர் சொல்லுங்க, எழுதிக்கிறேன். ... கேக்குதும்மா, நல்லா கேக்குது, சொல்லுங்க."

முதல் இணைப்பின் வயர் என் கையில் இருந்தது. அக்கா பெயரை எழுதி முடிக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.